திருமணப் புகைப்படக்காரர் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

தமிழ்நாட்டில் திருமணப் படம் எடுப்பவருக்கு வேலை பெரும்பாலும் வாய்வழியாகவே வருகிறது. ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பம் நன்றாக அமைந்துவிட்டால், அதே வீட்டின் வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, பெரியவர்களின் மணிவிழா என்று இருபது ஆண்டுகளுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கேமராவைக் கையில் எடுக்காத நாட்களில், அதாவது முதல் சந்திப்பிலும், பணம் பேசும்போதும், ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை உள்ள மாதங்களிலும் நாம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான் குடும்பத்தார் நம்மை மீண்டும் அழைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

முதல் சந்திப்பில் பழைய ஆல்பங்களை விரித்துக் காட்டுவதற்கு முன், அவர்கள் வீட்டுச் சடங்குகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாலி கட்டுவது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பிராமணத் திருமணத்தில் மணமகள் தந்தையின் மடியில் அமர்ந்திருக்கிறாள். பல சமூகங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுகிறார். கொங்கு வேளாளர் வீடுகளில் அருமைக்காரர் எனப்படும் சமூகப் பெரியவர் சீர்களை நடத்திவைப்பதுண்டு. சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரே கிடையாது. இஸ்லாமியத் திருமணமானால் பெண்கள் பகுதிக்குப் பெண் புகைப்படக்காரர் வேண்டுமா என்றும், தேவாலயமானால் ஃபிளாஷ் பயன்படுத்த அனுமதி உண்டா என்றும் முன்பே கேட்டுவிட வேண்டும். தங்கள் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள ஒருவர் அக்கறை காட்டுகிறார் என்பதைக் கண்டதுமே, அதுவரை தயங்கிப் பேசிய பெரியவர்கள்கூட மனம்விட்டுப் பேசத் தொடங்குவார்கள்.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது, வீட்டில் மூத்தவர் யார், அவரால் மேடை ஏற முடியுமா என்பது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைக் கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் மணமகளின் தாத்தா, மண்டபத்தின் முதல் வரிசையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் முகூர்த்தம் முடியும்வரை அமர்ந்திருந்தார். படி ஏற முடியாதவர் என்பதால் எந்தக் குழுப் படத்திலும் அவர் இல்லை. நான்கு மாதம் கழித்து மணமகளின் தந்தை தொலைபேசியில், “தம்பி, அப்பா தவறிட்டாரு. கல்யாணத்துல எடுத்த படம் ஒண்ணு இருந்தா அனுப்புங்க” என்றார். எடுத்த படங்கள் அத்தனையையும் புரட்டினேன். ஒன்றில் அவருடைய தோளும் வெள்ளைத் துண்டும் தெரிந்தன, இன்னொன்றில் பின்தலை. அந்தத் தந்தை என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து பிறகு எனக்கு அழைப்பு வரவே இல்லை. அன்றிலிருந்து, அலங்காரம் முடிந்த கையோடு மணமக்களைப் பெரியவர்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கே அழைத்துச் சென்று, முகூர்த்தத்துக்கு முன்பே அந்தப் படங்களை எடுத்துவிடுகிறேன். இரு வீட்டாரிலும் எல்லாச் சொந்தக்காரர்களையும் முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய அத்தையோ சித்தப்பாவோ ஒருவர் இருப்பார். அவருடைய கைப்பேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில நொடிகளில் உறவினர்கள் அட்சதையோடும் கைப்பேசியோடும் எழுந்து மேடையைச் சூழ்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் “நகருங்கள்” என்று குரல் உயர்த்தும் புகைப்படக்காரரை யாரும் மன்னிப்பதில்லை. ஆகவே முதல் நாள் மாலையே இரு வீட்டுப் பெரியவர்களிடமும் எந்தப் பக்கத்தை எனக்காக விட்டுவைக்க வேண்டும் என்று காட்டிவிடுவதும், சடங்கை நடத்துபவரிடம் அவர் எங்கே அமர்வார் என்று பணிவாகக் கேட்டுக்கொள்வதும் என் வழக்கம்.

பணத்தைப் பற்றிப் பேசத் தயங்குவதால்தான் பல உறவுகள் கெடுகின்றன. படம் எடுக்க எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிநேரம் எடுப்பார்கள், ஆல்பத்தில் எத்தனை ஷீட், ட்ரோன் உண்டா, கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு என்பவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால், 18 சதவீத வரி சொன்ன தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். பெரிய முகூர்த்த நாளில் இரண்டு வேலைகளை ஒப்புக்கொண்டு, ஒன்றுக்கு உதவியாளரை அனுப்பப் போகிறீர்கள் என்றால், அதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மண்டபத்தில் வேறு முகத்தைப் பார்க்கும் மணமகளின் தாயிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது.

அந்த ஒரு பக்கத்தில் இன்னொரு வரியும் தேவை. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர். எடுத்தவருக்கே உரிமை என்று நம்பி, மணமக்களைக் கேளாமலே படங்களை இன்ஸ்டாகிராமில் இடுவோர் நம்மில் பலர் இருக்கிறார்கள். எந்தப் படங்களை வெளியிடலாம் என்று மணமகளிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். மறுத்தால் மனவருத்தம் காட்டாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படங்களைச் செம்மை செய்யும்போது மணமகளின் நிறத்தை வெளுக்க வைக்கும் பழக்கத்தையும் நான் அடியோடு எதிர்க்கிறேன். மாநிறமான பெண்ணுக்குத் தன் கல்யாண ஆல்பத்தில் வேறொருத்தியின் முகத்தைக் கொடுப்பது அவளை அவமதிப்பதாகும். யாரேனும் அப்படிக் கேட்டால், அதே படத்தை நல்ல ஒளியோடு, இயல்பான நிறத்தில் அச்சிட்டுக் காட்டுவேன். பெரும்பாலும் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

திருமணம் முடிந்த இரவு, உறங்கப் போகும் முன் எல்லாப் படங்களையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, அவற்றை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்; ஆல்பம் கைமாறும்வரை மெமரி கார்டை அழிக்க வேண்டாம். மூன்று நாட்களுக்குள் இருபது படங்களையாவது அனுப்பிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும் என்பதால், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதில்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இரண்டாயிரம் படங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, நாமே முந்நூறாகக் குறைத்து, எண்ணிட்டு, ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் வேலை நகரும். முகூர்த்தங்கள் இல்லாத ஆடியும் மார்கழியும் நிலுவை ஆல்பங்களை முடிக்கவும், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவும் உகந்தவை. குறை சொன்னால் தொலைபேசியில் வாதாடாமல் வீட்டுக்கே போய், ஆல்பத்தை அவர்களோடு அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள்.

பழைய படங்களை ஆண்டு, தேதி, ஊர், குடும்பம் என்ற வரிசையில் பெயரிட்டு வைப்பது முக்கியம். ஏனென்றால் பல ஆண்டுகள் கழித்து, நள்ளிரவில் ஒரு தொலைபேசி வரும்: வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார், விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் படம் வேண்டும் என்பார்கள். அந்தக் கல்யாணத்தில் அவர் சிரித்தபடி அமர்ந்திருந்த படத்தை எடுத்து, பின்னணியை மட்டும் துப்புரவாக்கி, அச்சுக்கு ஏற்ற முழு அளவில் அரை மணி நேரத்துக்குள் அனுப்பிவையுங்கள்; அதற்குப் பணம் வாங்க வேண்டாம்.