மகளைத் திட்டினேன், குற்றவாளி கழிவறையில் இருந்தது

போன வருஷம் ஒரு மாதம் பினாங்கில் எங்கள் வீட்டுத் தண்ணீர் பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்தது. கால் மணி நேரம் ஷவரில் நிற்கும் மகள்தான் காரணம் என்று முடிவுகட்டி, ஒரு வாரம் அவளைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால், கீழ்த்தளக் கழிவறையின் ஃபிளஷ் தொட்டிக்குள் அடைப்பு ரப்பர் தேய்ந்து, இரவு பகலாகத் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பரை மாற்ற பத்து வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்டதுதான் கொஞ்சம் அதிகச் செலவு.

தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். கண்ணில் படும் இடத்தில் கறாராக இருப்போம், படாத இடத்தில் கோட்டை விடுவோம். ஃபிளஷ் தொட்டியைச் சோதிப்பது சுலபம். கேக்குக்குப் போடும் கலரில் நாலு சொட்டு தொட்டிக்குள் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது. மீட்டரைப் பார்த்தும் கசிவைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கூரைத் தொட்டி நிரம்பிய பிறகு பார்க்க வேண்டும். நிரம்பும் வரை எல்லாப் பைப்பையும் மூடியிருந்தாலும் மீட்டர் ஓடத்தான் செய்யும். இதை மறந்துவிட்டு, கசிவு இருக்கிறது என்று ஆளைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஃபிளஷ் தொட்டிக்குள் செங்கல் வைக்கும் பழக்கமும் வேண்டாம். செங்கல் ஊறி உதிர்ந்து, அந்தத் துகள் ரப்பரின் அடியில் போய் உட்கார்ந்தால் அதுவே புதுக் கசிவு. மணல் நிரப்பி மூடிய சின்ன போத்தல் போதும். அதிலும் பேராசைப்பட்டுப் பெரிய போத்தலை வைத்தால் இரண்டு முறை ஃபிளஷ் செய்ய வேண்டி வரும்.

சொட்டும் பைப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்கு 20 லிட்டர் அளவில் போய்விடும். அதைவிட எனக்கு உறுத்துவது காரைக் கழுவும் ஹோஸ் பைப். எங்கள் வீட்டுப் பைப்பில் 10 லிட்டர் வாளி நிறைய 40 வினாடி ஆகிறது. நடுவில் பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டு 20 நிமிஷம் திறந்து வைத்தால் 300 லிட்டர். இரண்டு வாளியில் முடிகிற வேலை அது.

வீட்டுக்கு வெளியே பெரிய மணல் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தினமும் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு அதைக் கழுவிவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகும் ஓடவிடுவார்கள். தெளிந்ததும் மூடிவிடலாம். வருகிற கலங்கல் தண்ணீரை வாளியில் பிடித்தால் வாசல் கழுவவும் கறிவேப்பிலைச் செடிக்கும் ஆகும்.

'சாயங்காலமானால் மழை கொட்டுகிறது, பினாங்கில் என்ன தண்ணீர்ப் பஞ்சம்?' என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே ஜெலுத்தோங் வட்டாரத்தில் கொட்டும் மழை கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. நமக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றுத் தண்ணீர். அங்கே மழை பொய்த்தால் இங்கே குடை பிடித்துப் பயனில்லை. கட்டணம் மலிவு என்பதாலோ என்னவோ, பினாங்குக்காரர் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 280 லிட்டர் செலவழிக்கிறார். நாட்டில் மிக அதிகம் செலவழிப்பவர்களில் நாமும் உண்டு.

அப்புறம், தண்ணீர் வெட்டு என்று அறிவிப்பு வந்துவிட்டால் நேர்மாறான தவறு. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகச் சில நாள் விநியோகம் தடைபடும் என்றதும், ஐஸ்கிரீம் டப்பா முதல் குத்துவிளக்குத் தட்டு வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம். வெட்டு முடிந்த மறுநாள் பாதியைக் கால்வாயில் கொட்டினோம். மீதி மூடாமலே கிடந்தது. ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். 2023-இல் மட்டும் நாட்டில் 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. முட்டை வாளியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

வெட்டு நேரத்தில் பைப்பைத் திறந்து பார்த்து, தண்ணீர் வரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போவது இன்னொரு கூத்து. தெரிந்த ஒரு ஃபிளாட்டில் மூன்றாம் மாடி அக்கா வீட்டில் அப்படித்தான் நடந்தது. மத்தியானம் தண்ணீர் வந்தது, சாயங்காலம் இரண்டாம் மாடிக் கூரை ஒழுகியது.

தண்ணீர் திரும்பி வந்ததும் முதலில் குளியலறைப் பைப்பை மெல்லத் திறங்கள். முதலில் வரும் கலங்கலை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றலாம். வாஷிங் மெஷினை மட்டும் தண்ணீர் நன்றாகத் தெளியும் வரை தொடாதீர்கள். பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை தேநீர் நிறத்தில் வெளியே வரும்.