பொத்தான் நேரம் வேறு, அலை நேரம் வேறு: இலக்கு கண்டறியும் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையில் ‘ல’ வந்துகொண்டே இருக்கும். நடுவில் எப்போதாவது ‘ள’ தலைகாட்டினால் பொத்தானை அழுத்த வேண்டும். நூற்றுக்கு எண்பது ‘ல’, இருபது ‘ள’. (நெல்லைப் பக்கம் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆவதுண்டு. இங்கே நாக்குக்கு வேலையில்லை, கண்ணுக்குத்தான்.) தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் கருவியை (இ.இ.ஜி.) மாட்டிவைத்தால், அரிதான எழுத்தைக் கண்டுகொள்ளும்போது, அது திரையில் தோன்றி 300 மில்லிசெகண்டு வாக்கிலோ சற்றுப் பின்னரோ தலையின் பின்மேல் பகுதியில் நேர்மின் அலை ஒன்று எழும். 1965-இல் ஆய்வாளர் சட்டனும் அவருடைய குழுவினரும் கட்டுரையில் அறிவித்த அந்த அலைக்குப் பெயர் பி300. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் உளவியலோ உயிரியலோ படிப்பவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளத் தோதான சோதனை. ஆனால் சின்னச் சின்ன இடங்களில் காலை வாரிவிடும்.

முதல் தவறு கருத்திலேயே இருக்கிறது. அலையின் உச்சம் 420 மில்லிசெகண்டில், பொத்தான் 380-இல் என்று பதிவானதும் ‘மூளை முடிவெடுக்கும் முன் கை எப்படி அழுத்தும், மெஷின் கோளாறு’ என்று கணக்கைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. கண்ணில் பட்டது என்ன வகை என்று தரம்பிரிக்கும் வேலையோடு ஒட்டியது அந்த அலை. கையை ஆயத்தம் செய்யும் வேலை அது முடியும்வரை காத்திருப்பதில்லை, கூடவே ஓடுகிறது. 1977-இல் கூட்டஸ், மெக்கார்த்தி, டொன்சின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைச் சோதித்தார்கள். தப்பில்லாமல் அழுத்தச் சொன்னபோது இரண்டு நேரங்களும் சேர்ந்து ஏறி இறங்கின. வேகமாக அழுத்தச் சொன்னபோது அந்த ஒட்டு தளர்ந்தது.

ஆகவே சொல்லும் ஒரு வாக்கியம் அளவையே மாற்றிவிடும். ஒருவரிடம் “வெரசா அமுக்குங்க தம்பி” என்றும், அடுத்தவரிடம் “பைய பாத்து அமுக்குங்க” என்றும் சொன்னால் இருவரும் செய்தது இரண்டு வெவ்வேறு சோதனை. குறிப்பைத் தாளில் எழுதி, எல்லோருக்கும் அதையே வாசியுங்கள்.

அடுத்தது கடிகாரம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். ‘எழுத்தைக் காட்டு’ என்று நிரல் சொன்ன நொடியும் எழுத்து கண்ணில் பட்ட நொடியும் ஒன்றல்ல. திரையின் மூலையில் எழுத்தோடு சேர்ந்து தோன்றும் வெள்ளைக் கட்டம் ஒன்றை வைத்து, அதன்மேல் போட்டோடயோடை (வெளிச்சம் பட்டதும் மின்சைகை தரும் சின்னக் கருவி) டேப் போட்டு ஒட்டி, 200 முறை ஓடவிட்டுப் பாருங்கள். தாமதம் எப்போதும் 30 மில்லிசெகண்டு என்று நின்றால் கழித்துவிடலாம். 10, 45, 22 என்று ஆடினால் கழிக்க வழியில்லை. சராசரியில் அலை மழுங்கிப் பரந்துபோகும். வயர்லெஸ் கீபோர்டு வேண்டவே வேண்டாம். சாதா கீபோர்டும் சில பத்து மில்லிசெகண்டு தின்னும். அதற்கென்று உள்ள பட்டன் பெட்டிதான் சரி.

இனி தலை. ஊருக்கே உரிய தொல்லைகள் இங்கேதான். தேங்காய் எண்ணெய் படிந்த தலையில் மின்முனை பிடிக்காது. மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க மறுக்கும். முந்தின நாளே ‘ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் வாங்க’ என்று சொல்லிவிட வேண்டும். பின்தலையில் பிச்சிப்பூ வைத்து வந்தால் நமக்கு வேண்டிய இடத்தையே அது மறைக்கும். நெற்றியில் காய்ந்த திருநீறும் சந்தனமும் மின்தடையை ஏற்றும். வந்தபின் துடைக்கச் சொல்வதைவிட அழைக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

சித்திரை வெயிலில் வேர்த்தால் அலைக்கோடு மெல்ல ஏறி இறங்கி மிதக்கும். ஏ.சி. அறை இல்லையென்றால் காலை ஏழு, எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்று வயரை ஆட்டினாலும் பதிவில் தெரியும். வயர்களைச் சேர்த்துப் பின்னிக் கட்டுங்கள். மிதப்பை ஒழிக்கிறேன் என்று 1 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் வடிகட்டி (அதைவிட மெதுவான அலைகளை வெட்டுவது) போடுவதுதான் பெரிய அபத்தம். பி300-ம் மெதுவான அலைதான். அதுவும் சேர்ந்து சுருங்கும், அதற்கு முன்னும் பின்னும் உண்மையில் இல்லாத பள்ளங்கள் முளைக்கும். 0.1 ஹெர்ட்ஸ் போதும். கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு முதல் வைத்தியம் லேப்டாப் சார்ஜரைக் கழற்றுவது. கரண்ட் போய் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் 150, 250 ஹெர்ட்ஸிலும் இரைச்சல் வரும். அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது.

வடிவமைப்பில் இரண்டு ஓட்டைகள். ‘ள’ எப்போதும் இலக்காகவே இருந்தால் வேறுபாடு அரிதானதால் வந்ததா, எழுத்தின் உருவத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பாதியில் ‘ல’-வை அரிதான இலக்காக்குங்கள். இலக்குக்கு மட்டும் பொத்தான் என்றால் கையசைவின் மின் அலையும் அதில் கலக்கும். இரண்டுக்கும் பொத்தான் கொடுத்து, இடக்கை வலக்கையை மாற்றிவிடுங்கள்.

கண் சிமிட்டினால் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். பி300 பெரும்பாலும் 5 முதல் 15-தான். சிமிட்டல் விழுந்தவற்றைத் தள்ளியபின் 36 நல்ல இலக்குப் பதிவுகள் மிஞ்சினால், அவற்றின் சராசரியில் இரைச்சல் ஆறில் ஒரு பங்காகும் (36-இன் வர்க்கமூலம் 6). 250 எழுத்து காட்டினால் இலக்கு 50. ஒன்றுக்கு ஒன்றரை நொடி என்றால் ஆறேகால் நிமிடம், நடுவில் ஓய்வு.

கடைசியாக எக்செல். அழுத்தத் தவறியதை 0 என்று போட்டுவிடுகிறார்கள். பொத்தான் நேரம் 342, 361, 355, 0, 912 மில்லிசெகண்டு என்று ஐந்து பதிவுகள் இருக்கட்டும். சராசரி 394. பூஜ்யத்தை எடுத்தால் 492.5. எஞ்சிய நான்கின் இடைநிலை அளவு 358. அந்த ஆள் உண்மையில் அழுத்திய வேகத்துக்குக் கிட்டத்தில் இருப்பது இதுதான். தவறவிட்டதைத் தனிக் கட்டத்தில் எண்ணுங்கள். 150 மில்லிசெகண்டுக்குக் கீழே வந்தது எழுத்தைப் பார்த்து அழுத்தியதல்ல, அதையும் தனியே.