வேறு மாநிலத்தில் உள்ள கல்லறை இடத்தைப் பெயர் மாற்ற
அமெரிக்காவில் வேறொரு மாநிலத்தில் இருக்கும் கல்லறை இடத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றப் பெரும்பாலும் நேரில் போக வேண்டியதில்லை. அந்தக் கல்லறைத் தோட்ட அலுவலகத்திடமிருந்தே பெயர்மாற்றப் படிவத்தை வரவழைத்து, உங்கள் ஊர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, மூலப் பத்திரத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாங்கியிருப்பது பொதுவாக நிலத்தை அல்ல, அடக்கம் செய்யும் உரிமையைத்தான் என்பதால், தோட்டத்தின் பதிவேட்டில் பெயர் மாறுவதே முக்கியம்; நோட்டரியின் சான்றையோ பிற மாநிலங்களும் பொதுவாக ஏற்கின்றன. பிரிவு, வரிசை, இட எண்களைப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ஓர் எண் பிசகினால் பக்கத்து இடத்தை எழுதிக் கொடுத்தவராவீர்கள். உரிமையாளர் இறந்திருந்தால் இந்த வழி போதாது, வாரிசுரிமை ஆவணங்கள் கேட்பார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான தேசியக் கல்லறைகளில் இடம் விற்கப்படுவதே இல்லை என்பதால், அங்கே மாற்றித் தருவதற்கு எதுவும் இல்லை.