ரிஷிகேஷ் ராஃப்டிங்: கரையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

ஷிவ்புரியில் ராஃப்டில் (காற்றடைத்த ரப்பர் படகு) ஏறி ரிஷிகேஷில் இறங்கினால் கங்கையில் சுமார் 16 கி.மீ. பயணம். வழியில் ‘ரோலர் கோஸ்டர்’, ‘கோல்ஃப் கோர்ஸ்’ என்று மூன்றாம் நிலை ராப்பிட்டுகள் (பாறைகளுக்கு நடுவே நீர் நுரைத்துப் பாயும் இடங்கள்; கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை நிலைகளாகச் சொல்வார்கள்) வரும். ராஃப்ட் கவிழ்ந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சரியாக உடுத்திக்கொண்டு, விழுந்தால் செய்ய வேண்டியதைத் தெரிந்துவைத்திருப்பவருக்குக் கவிழ்வது பெரும்பாலும் நனைவதோடு போய்விடும். உயிருக்கு உலை வைப்பது, கரையில் நிற்கும்போதே செய்துவிடும் சின்னத் தவறுகள்தான்.

முதல் தவறு, தொளதொளவென்று போட்ட லைஃப் ஜாக்கெட். ‘மூச்சு முட்டுது’ என்று வாரைத் தளர்த்திக்கொள்பவர்கள் அதிகம். தளர்ந்த ஜாக்கெட் தண்ணீருக்குள் தான் மட்டும் மேலே ஏறி முகத்தை மறைக்கும்; உடம்பு கீழே தொங்கும். முதலில் இடுப்பு வார், பிறகு மேலே உள்ளவை, கடைசியாகத் தோள் வார் என்று கீழிருந்து மேலாக இறுக்குங்கள். இறுக்கியதும் பக்கத்தில் இருப்பவரை உங்கள் இரண்டு தோள் வாரையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை வந்தால் இன்னும் இறுக்க வேண்டும், அல்லது அளவு பெரிது, மாற்ற வேண்டும். பக்கிள் உடைந்து வாரை முடிச்சுப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ஈரத்தில் முடிச்சு நழுவும். உள்ளே இருக்கும் ஃபோம் அமுக்கினால் மறுபடி எழும்ப வேண்டும். கட்டை போலவோ பொடிப்பொடியாகவோ இருந்தால் அதன் மிதப்புப் போய்விட்டது என்று அர்த்தம்.

தண்ணீருக்குள் மனிதனின் எடை நாலைந்து கிலோதான். 70 நியூட்டன் மிதப்பு விசை உள்ள ஜாக்கெட் ஏறக்குறைய 7 கிலோவைத் தாங்கும். அப்படியிருந்தும் தடித்த ஜாக்கெட் கேட்பதற்குக் காரணம் உண்டு. ராப்பிட்டில் வெள்ளையாகத் தெரிவது பாதி காற்று. நுரைத்த நீர், தெளிந்த நீர் அளவுக்கு உடம்பைத் தாங்காது. ராப்பிட் தாண்டி அமைதியான இடத்தில் போட்டோவுக்காகத் தளர்த்திவிட்டு, அடுத்த ராப்பிட்டுக்குள் அப்படியே போய்விடுகிறவர்களும் உண்டு. தளர்த்தவே வேண்டாம்.

ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். பின்னால் தள்ளிப் போட்டால் பாறையில் முதலில் படுவது நெற்றிதான். துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், உடம்புச் சூட்டையும் உறிஞ்சும். தேவபிரயாகையில் சேரும் அளகநந்தாவும் பாகீரதியும் பனி உருகி வருபவை. மார்ச் வெயில் சுட்டாலும் தண்ணீர் சில்லிடும். விழுந்ததும் தன்னையறியாமல் மூச்சு இழுக்கும், அதனால் வாயை மூடிக்கொள்ளுங்கள். துடுப்பின் மேல்முனைப் பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள். பக்கத்து ஆளின் பல் உடைவது பெரும்பாலும் அந்தப் பிடி பட்டுத்தான்.

விழுந்த பிறகு செய்யும் தவறுகளில் கொடியது, தரை தட்டுப்பட்டதும் எழுந்து நிற்பது. கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டும், நீரோட்டம் முதுகைத் தள்ளும், முகம் குப்புறக் கவிழும். முட்டளவுக்குச் சற்று மேலான தண்ணீரே இதற்குப் போதும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எவ்வளவு பலசாலியானாலும் எழ முடியாது. மல்லாந்து படுத்து, கால் விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி பாதங்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டுங்கள். பாறை வந்தால் பாதத்தால் உதைத்துத் தள்ளலாம். கரையோரமோ பாறைக்குப் பின்னாலோ அமைதியான நீர் தெரிந்தால் உடனே குப்புறப் புரண்டு, முழு வலுவோடு அதை நோக்கி நீந்துங்கள். பின்புறம் கல்லில் உரசும்வரை எழக் கூடாது.

ஒரே விதிவிலக்கு, தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரம். அங்கே கால் முதலில் போனால் கிளைகளுக்கு அடியில் இழுபட்டுவிடுவீர்கள். விலக முடியாவிட்டால் தலையை முன்வைத்து வேகமாக நீந்தி, மரத்தின் மேல் நெஞ்சை ஏற்றிவிடுங்கள்.

ராஃப்டுக்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் இருக்காதீர்கள். ராஃப்டுக்கு அடியில் சிக்கினால் கைகளை மேலே ராஃப்டின் அடிப்பாகத்தில் வைத்து, ஒரே திசையில் மாற்றி மாற்றி நகர்த்துங்கள், வெளிச்சத்துக்கு வந்துவிடுவீர்கள். திசை மாற்றினால் அடியிலேயே சுற்றுவீர்கள்.

மீட்புக் கயிற்றை ஒரு பையில் வைத்து வீசுவார்கள். அது வந்தால் பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், நெஞ்சோடு அணைத்து மல்லாந்து படுங்கள். கையில் சுற்றவே கூடாது. இறுகினால் விடுவிக்க முடியாது. ஒருவரை ராஃப்டுக்குள் இழுக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் நழுவும். ஜாக்கெட்டின் தோள் வாரைப் பற்றி, முட்டியை ஓரத்தில் ஊன்றி, பின்னால் சாய்ந்து விழுங்கள். அவர் உங்கள் மேல் வந்து விழுவார்.

கயாக் (உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) கற்க வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்னால் ஒரு இழுவளையம் இருக்கும். ஸ்கர்ட்டைப் படகுத் திறப்பின் விளிம்பில் மாட்டும் அவசரத்தில் அது உள்ளே மடங்கிப்போகும். கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு முறை மாட்டியதும் வளையத்தைக் கையால் தொட்டு, வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். கவிழ்ந்தால் உடம்பை முன்னால் குனித்து, கையால் விளிம்பைத் தடவி வளையத்தைப் பிடித்து, முதலில் முன்னோக்கித் தள்ளி அப்புறம் இழுங்கள். நேராக வயிற்றுப் பக்கம் இழுத்தால் ஸ்கர்ட் கழலாது. இதைத் தேங்கிய நீரில், பக்கத்தில் ஆள் நிற்க, கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வரும்வரை ராப்பிட்டில் இறங்க வேண்டாம்.