தேதியே அதிகார எண்

கிறிஸ்துமஸுக்குத் தயாராக, டிசம்பர் 1-ஆம் தேதி இரவு சாப்பிட உட்காரும்போது, பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். தினம் ஒன்று என்றால் 24-ஆம் தேதி முடிந்துவிடும். மொத்தம் 24 அதிகாரங்கள், அதனால் அன்றைய தேதிதான் அதிகார எண். அட்டவணையோ காசு கொடுத்து வாங்கும் காலண்டரோ தேவையில்லை. ஒருநாள் விட்டுப்போனாலும் எங்கே நிறுத்தினோம் என்று தேட வேண்டாம். முதல் அதிகாரமே 80 வசனம்! ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாப்பாடு ஆறிவிடும். அப்புறம், இயேசுவின் பிறப்புச் செய்தி 2-ஆம் தேதியே வந்துவிடும், 24 அன்று வருவது உயிர்த்தெழுதல். அன்றிரவு மட்டும் இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை மறுபடி வாசிப்பது என் வழக்கம். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு இந்த நீளம் சரிவராது.