காத்திருக்கும் கியூபிட்டைக் காப்பது: எக்ஸ்ஒய்-4 பல்ஸ் தொடர் அமைக்கும் முறை

மீக்கடத்திச் சில்லில் உள்ள டிரான்ஸ்மான் வகைக் கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு), பக்கத்துக் கியூபிட் வேலையை முடிக்கட்டும் என்று காத்திருக்கும் நேரத்திலும் தன் கட்டத்தை (phase) இழந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் பை பல்ஸ்களை, அதாவது கியூபிட்டின் நிலையை 180 பாகை புரட்டும் நுண்ணலைத் துடிப்புகளை, செருகினால் இழப்பு குறையும்: புரட்டுமுன் சேர்ந்த விலகலைப் புரட்டியபின் சேர்வது அழிக்கும். எர்வின் ஹான் 1950-இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் காட்டிய எதிரொலிதான் இதற்கு மூலம்.

பல்ஸ் போடுமுன் மூன்று நேரங்களை அளந்துவிடுங்கள்: ஆற்றல் தணியும் நேரமான டி1 (T1), இடையில் பை பல்ஸ் இல்லாத ராம்சி சோதனை தரும் கட்டம் குலையும் நேரமான டி2 ஸ்டார் (T2*), நடுவில் ஒரு பை பல்ஸ் வைத்து எடுக்கும் எதிரொலி டி2. ராம்சியில் இயக்க அதிர்வெண்ணை வேண்டுமென்றே 0.2 மெகாஹெர்ட்ஸ் விலக்கினால், 5 மைக்ரோவினாடிக்கு ஓர் அலை என வரைபடம் தெளிவாக வரும். டி1 100, ராம்சி 40, எதிரொலி 120 மைக்ரோவினாடி என்று வந்தால் இரைச்சல் பெரும்பாலும் மெதுவாக மாறுவது. இந்த முறை பலன் தரும். ராம்சியும் எதிரொலியும் ஒரே அளவில், டி1-இன் இரு மடங்குக்கு வெகு கீழே நின்றால், வேகமான இரைச்சலைச் சந்தேகியுங்கள். கியூபிட்டின் நிலையை வாசிக்க உதவும் ரீட்அவுட் ஒத்ததிர்வியில் தங்கும் ஃபோட்டான்கள் வழக்கமான காரணம். அதற்குப் பல்ஸ் மருந்தல்ல. குளிர்கலத்துக்குள் இறங்கும் கம்பிகளின் அட்டென்யூவேட்டர்களையும் (சிக்னலைத் தணிப்பவை) வடிகட்டிகளையும் பாருங்கள். டி1 இழப்பையும் இந்தத் தொடர் மீட்காது.

இனி கணக்கு. காத்திருப்பு 2 மைக்ரோவினாடி, பை பல்ஸ் 35 நானோவினாடி என்று கொள்வோம். எக்ஸ்ஒய்-4 என்பது எக்ஸ், ஒய் அச்சுகளைச் சுற்றி மாறி மாறிப் புரட்டும் தொடர்; எக்ஸ், ஒய், எக்ஸ், ஒய் என நான்கு பல்ஸுக்கு 140 போக, மீதி 1860 நானோவினாடி. பல்ஸ்களுக்கு இடையே 465, இரு ஓரங்களிலும் அதில் பாதியான 232.5. கருவி ஏற்கும் மிகச்சிறிய நேர அலகின் மடங்காக இவற்றை முழுமையாக்கும்போது இரு ஓரங்களும் சமமாகவே இருக்கட்டும். சமச்சீர் குலைந்தால் கட்டப்பிழை மிஞ்சும்.

எல்லாவற்றையும் எக்ஸ் பல்ஸாகவே போடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் எக்ஸ் அச்சில் உள்ள நிலை நன்றாகப் பிழைக்கும். ஒய் அச்சில் உள்ளதில் ஒவ்வொரு பல்ஸின் சுழற்சிப் பிழையும் கூடிக்கொண்டே போகும். கணக்கீட்டின் நடுவே கியூபிட் எந்த நிலையில் இருக்கும் என்று தெரியாது. ஆகவே அச்சை மாற்றி மாற்றிப் போடுவதே பாதுகாப்பு.

அதிகம் தவறுவது அண்டைக் கியூபிட்டில்தான். இணைந்த இரண்டுக்கும் ஒரே கணத்தில் பல்ஸ் அடித்தால் இரண்டும் சேர்ந்தே புரளும். அவற்றுக்கு இடையிலான இசட்இசட் பிணைப்பின் (ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றதன் அதிர்வெண் மாறுவது) குறி மாறாது, அந்தப் பிழை அப்படியே தங்கும். இரண்டு பல்ஸ் போதுமான இடத்தில், ஒன்றுக்கு மொத்த நேரத்தின் கால், முக்கால் இடங்களிலும், மற்றதற்கு அரை, முடிவு ஆகிய இடங்களிலும் வையுங்கள்.

முதல் கேட்டுக்கு (gate, கியூபிட் மீது செய்யும் முதல் கணக்கீட்டுச் செயல்) முன் கியூபிட் தரைநிலையில்தான் இருக்கிறது; அங்கே பல்ஸ் வேண்டாம், கேட்டைத் தள்ளிப்போட்டாலே போதும். சில நூறு நானோவினாடி மட்டுமே உள்ள இடைவெளியிலும் பல்ஸ் பிழை லாபத்தைத் தின்றுவிடக்கூடும். சரிபார்க்க, எக்ஸ், ஒய், இசட் அச்சுகளின் ஆறு நிலைகளையும் தயாரித்து, தொடர் இட்டும் இடாமலும் அதே நேரம் காத்திருக்கவிட்டு அளவிடுங்கள். இசட் நிலைகள் மட்டும் மோசமானால் முதலில் பை பல்ஸின் வீச்சையும், மூன்றாம் மட்டத்துக்குக் கசிவதைத் தடுக்கும் டிராக் திருத்தத்தையும் மறுபடி அளவீடு செய்யுங்கள்.