பட்டியலில் இருக்கும் ஊருக்கு ஒருதரம் போய்வர: மட்டக்களப்பிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்

கல்லடிப் பாலத்தில் பின்னேரம் காற்று வாங்க நிற்கிறவர்களிடம் எந்த நாட்டைப் பார்க்க ஆசை என்று கேட்டுப் பாருங்கள். சுவிஸ், பாரிஸ், லண்டன், டுபாய் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பாதி ஊர்களில் மாமாவோ சித்தியோ இருப்பார்கள். சரி, கடவுச்சீட்டு இருக்கிறதா என்றால் சிரிப்புத்தான் பதில். நானும் "மறுகா பார்ப்பம்" என்றே பல வருசம் ஓட்டியவள். கடைசியில் ஒரு பழைய கொப்பியை எடுத்து எழுத ஆரம்பித்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. ஊருக்கு எதிரே, அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் அது ஆசையாகவே கிடக்கும். பக்கத்தில் ஒரு வேலையையும் எழுத வேண்டும். என் கொப்பியில் முதலில் இருந்தது "சுவிஸ்". என்ன செய்ய? யோசித்து எழுதினேன்: "பனி மூடிய மலையில் விடியல் பார்க்க." எழுதிய பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது மலை. சுவிஸ் என்பது படங்களில் பார்த்துப் பார்த்து மனதில் ஒட்டிக்கொண்ட பெயர்.

பனிமலை நேபாளத்திலும் இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் மிக உயர்ந்த சிகரம் 4,634 மீற்றர். நேபாளத்துப் போக்கரா நகரத்துக்கு வடக்கே நிற்கும் அன்னபூர்ணா 8,091 மீற்றர். ஆகவே கிட்டத்தில் கிடைத்ததை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பட்டியலையும் இப்படி உரசிப் பாருங்கள். "பாரிஸ்: ஈபிள் கோபுரத்தின் கீழே நிற்க" என்றால் வேறு வழியில்லை, பாரிஸ்தான். "வானுயர்ந்த கட்டடங்களும் இரவு வெளிச்சமும்" என்றால் சிங்கப்பூர் போதும்.

2. எந்தக் கதவு லேசாகத் திறக்கும்?

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எல்லாக் கதவும் ஒரே மாதிரித் திறக்காது. நேபாளத்தில், சார்க் எனும் தெற்காசிய அமைப்பில் உள்ள நம்மைப் போன்ற நாட்டவர்களுக்கு, வருடத்தில் முதல் தடவை போகும்போது, 30 நாள் விசா இறங்கியதும் இலவசம். மாலைதீவிலும் இறங்கிய பிறகு 30 நாள் கொடுப்பார்கள். சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்பினால் சரி, அதற்குப் பணம் இல்லை. (பணம் கேட்கிற தளங்களும் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.)

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான செங்கன் விசா வேறு கதை. விண்ணப்பத்துக்கு மட்டும் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம், வேலைக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். மறுத்தால் கட்டின காசு திரும்பாது. முதல் பயணத்தையே அங்கே வைக்காதீர்கள் என்பது என் எண்ணம். இரண்டு மூன்று நாட்டு முத்திரை விழுந்த பிறகு அத்தை வீட்டுக்குப் போகலாம்.

விசா விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் தளத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

3. மாதம்

நேபாளத்தில் யூன் முதல் செப்டெம்பர் வரை மழை. மலை முகிலுக்குள் ஒளிந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் வானம் வெளிக்கும். வெள்ளாமைக் குடும்பத்துக்கு இதில் ஒரு சிக்கல். பெரும்போக விதைப்பும் அந்த நேரத்தில்தான். காசு கைக்கு வருவதோ மாசி பங்குனியில், அறுவடைக்குப் பிறகு. நான் மார்ச் கடைசியில் போனேன். கொஞ்சம் புகார் மூட்டம் இருந்தது, ஆனாலும் மலை தெரிந்தது.

4. கடவுச்சீட்டும் பெயரும்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கான பற்றுச்சீட்டு ஆகியவை வேண்டும். படத்தைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஸ்டூடியோக்காரரே அனுப்பிவிடுவார். கைரேகை வைக்க நேரே போகவேண்டும். கிட்டத்தில் எங்கே வைக்கலாம் என்று உங்கள் பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள், பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குப் போகிற பஸ் காசு மிஞ்சக்கூடும்.

இப்போது முக்கியமான விசயம். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். விமானச்சீட்டுப் படிவமோ குடும்பப் பெயர் எது, மற்றப் பெயர் எது என்று தனித்தனியாகக் கேட்கும். நான் அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டேன். திருத்துவதற்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போனது. பிழை முழுக்க என்னுடையதுதான்.

இதற்கு ஒரு லேசான வழி இருக்கிறது. கடவுச்சீட்டில் உங்கள் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியான மூன்று எழுத்தை அடுத்து வருவது குடும்பப் பெயர். சேர்ந்தாற்போல் இரண்டு அம்புக்குறி வரும் இடத்துக்குப் பிறகு இருப்பவை மற்றப் பெயர்கள். அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டில் போடுங்கள். திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக இருக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

5. காசு

விமானச்சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், காப்புறுதி என்று ஐந்து வரி எழுதிக் கூட்டுங்கள். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். நான் சீட்டுப் போட்டுச் சேர்த்தேன். நகை அடகு வைத்து ஊர் பார்க்கப் போகவேண்டாம். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லிப் போகுமுன்னரே கேளுங்கள்.

6. அறுகம்பையில் ஒத்திகை

இதைத் தவறவிடாதீர்கள். ஒரே ஒரு தோள்பையோடு கல்முனை, அக்கரைப்பற்று வழியாக, அறுகம்பைக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்கு பஸ் ஏறுங்கள். இரண்டு இரவு, தெரிந்தவர் வீட்டில் இல்லாமல், அறை எடுத்துத் தங்குங்கள். சித்திரையிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட உலகம் அங்கே வரும். அவர்களைக் கவனியுங்கள்: மூன்று சட்டை, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஈரத் துணி காயப்போட ஒரு கயிறு. நாம் கதிர்காமம் போகவே அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்! பேச்சுக் கொடுத்தும் பாருங்கள், உடைந்த ஆங்கிலம் போதும். அவர்களில் பலருக்கும் அது இரண்டாம் மொழிதான்.

திரும்பி வந்ததும், பையில் கொண்டுபோய்த் தொடாத சாமான்களை வரிசையாகக் கட்டிலில் வையுங்கள். அவை அடுத்த பயணத்துக்கு வேண்டாம்.

7. புறப்படும் நாள்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குக் கோச்சியில் எட்டு ஒன்பது மணித்தியாலம். காட்டுப் பாதையில் யானை குறுக்கிட்டால் இன்னும் கூடும். ஆகவே விமானம் ஏறுகிற நாளிலேயே ஊரிலிருந்து கிளம்பாதீர்கள்; முதல் நாளே கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்குங்கள். கோட்டையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 187ஆம் இலக்க பஸ். மூன்று மணித்தியாலம் முன்னதாக உள்ளே போய்விடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும், பெட்டியில் போட விடமாட்டார்கள். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் கூடாது. தயிர்ச் சட்டியும் அதில் அடக்கம். அம்மா கட்டித் தந்தாலும் கொண்டுபோக வேண்டாம்.

8. இறங்கியதும்

விசாப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பி, கிடைக்கும் தாளை அச்செடுத்து வைத்திருந்தால் காத்மாண்டுவில் வரிசை குறையும். டொலரைக் கொஞ்சமாக மாற்றுங்கள். முழுவதையும் விமான நிலையத்திலேயே மாற்றவேண்டாம். போக்கராவுக்கு 200 கிலோமீற்றர்தான், ஆனால் மலைப்பாதை. பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும். விடியல் பார்க்க சாரங்கோட் மேட்டுக்கு இருட்டிலேயே ஏறவேண்டும், தடித்த சட்டை எடுத்துப்போங்கள்.

இன்னொன்று. நேபாளத்து நேரம் நம்முடையதைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால். கைக்கடிகாரம் கட்டுகிறவர்கள் அதை இறங்கின உடனேயே திருப்பி வையுங்கள். முதல் நாள் காலை போக்கரா பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றவள் சொல்கிறேன்.